நூலும் நேயரும்: ‘காஞ்சனை’யைப் பிள்ளைகள் கையில் கொடுக்கலாமா?



புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யைப் படித்தவர்கள் தங்கள் அபிப்பிராயத்தை நாலு வரியில் எழுதியனுப்புமாறு இப்பகுதியில் கேட்டிருந்தோம். நாலு வரி கேட்டதற்கு நாலு பக்கம் எழுதியவர்களும் இருக்கிறார்கள். இதற்கு முன் வேறு நூல்களைப் பற்றிக் கேட்டபோது, ‘நூல் நன்று, அச்சும் நன்று’ என்ற அளவில் ஓரிரு அஞ்சலட்டைகள் வந்ததோடு சரி. பேய் என்று சொன்னவுடன் எல்லோர் வீட்டிலும் பேனாவும் தாளும் அகப்பட்டுவிடுகின்றன!

வந்த கடிதங்களுள் ஒன்று மட்டும் அபிப்பிராயம் அன்று, கோரிக்கை. எழுதியவர் 12 வயதுப் பெண் ஒருத்தியின் தாயார். பெண் பள்ளியில் கன்னடத்தில் படிக்கிறாள். தமிழெழுத்தை நமது ஞாயிற்றுக்கிழமை வகுப்பில்தான் கற்றாள். அவள் தானாக எடுத்து, தானாக எழுத்துக் கூட்டி, முழுவதும் படித்து முடித்த முதல் தமிழ்க் கதை ‘காஞ்சனை’. அதிலிருந்து இரவில் விளக்கை அணைக்க விடுவதில்லை. கணவருக்கு ஆலையில் இரவு வேலை. வீட்டில் தாயும் மகளுமே. “ஐயா, அவள் விழித்திருந்தால் நானும் விழித்திருக்கிறேன். நான்கு நாளாக வீட்டில் யாரும் உறங்கவில்லை. இப்படிப்பட்ட புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்துவிடக் கூடாதா?” என்று கேட்கிறார்.

இந்தத் தாயாருக்குப் பதில் சொல்லாமல் மற்றவர்களுடைய ரசனையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பது முறையாகாது. ஆனால் மற்றவர்கள் சொன்னதையும் கேட்டால்தான் அவருக்குச் சரியான பதில் சொல்ல முடியும். ஆகையால் சற்றுப் பொறுக்குமாறு அவரை வேண்டிக்கொள்கிறோம்.

முதலில் நூலைப் பற்றி. ‘காஞ்சனை’ என்பது ஒரு கதையின் பெயர். அக்கதையைத் தலைப்பாகக் கொண்டு 1943-இல் வெளிவந்த தொகுதியின் பெயரும் அதுவே. ஆசிரியரின் இயற்பெயர் சொ. விருத்தாசலம். 1906-இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தவர், திருநெல்வேலிக்காரர். சென்னையில் ‘மணிக்கொடி’யில் எழுதி, ‘தினமணி’ முதலான பத்திரிகைகளில் வேலை பார்த்து, கடைசியில் ‘ராஜமுக்தி’ என்ற சினிமாப் படத்துக்காகப் புனா நகரம் சென்று, க்ஷயரோகத்தோடு திரும்பி, 1948-இல் திருவனந்தபுரத்தில் காலமானார். அப்போது வயது 42. வெளியூர்களிலிருந்து மனைவிக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் ‘கண்மணி கமலாவுக்கு’ என்ற பெயரில் நூலாயின. பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் போய், மாதக் கடைசியில் வீட்டுக்குக் கடிதம் எழுதியவர் என்ற வகையில் அவரும் நம்மவரே.

கதையை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். கதை சொல்பவர் ஓர் எழுத்தாளர். இரவில் தூக்கம் வராதவர். ஒரு நாள் நள்ளிரவில் வீட்டுக்குள் ஏதோ ஒரு வேண்டாத நாற்றம் வீசுகிறது. பிறகு, பிச்சை கேட்டு வாசலுக்கு வந்த ஒரு பெண்ணை அவருடைய மனைவி இரக்கப்பட்டு வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். அவள் பெயர்தான் காஞ்சனை. அவள் வந்தது முதல் கணவருக்கு உள்ளூர ஒரு கலக்கம். மனைவிக்கோ அவளிடத்தில் பிரியம். வந்தவள் யார், நடந்தவை மெய்யா, உறக்கமற்ற மூளையின் தோற்றமா என்ற முடிச்சை ஆசிரியர் இறுதிவரை அவிழ்க்கவில்லை. அவிழ்த்திருந்தால் இத்தனை ஆண்டுகள் கழித்து நாம் அதைப் பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க மாட்டோம்.

இனி நேயர்களின் கட்சி. பகுத்தறிவுப் பற்றுள்ள அன்பர் ஒருவர் மிகக் கடுமையாகவே எழுதியிருக்கிறார். மூடநம்பிக்கையை ஒழிக்க எத்தனையோ பெரியவர்கள் பாடுபட்ட நாட்டில், பேய்க்கதை எழுதியவரைப் பெரிய எழுத்தாளர் என்று கொண்டாடுவது எப்படிப் பொருந்தும் என்பது அவர் வாதம். இந்தக் கேள்வி புதியதன்று. கதை வெளிவந்த காலத்திலேயே வாசகர்கள் ஆசிரியரை நேருக்கு நேர் இதைக் கேட்டிருக்கிறார்கள். அவரும் தொகுதியின் முன்னுரையிலேயே பதில் சொல்லிவிட்டார். அம்முன்னுரைக்கு அவர் இட்ட தலைப்பு ‘எச்சரிக்கை’. பேய் பிசாசு கிடையாது என்பதே தமது நம்பிக்கையென்றும், ஆயினும் பயம் மட்டும் இருக்கத்தான் செய்கிறதென்றும் அதில் அவர் தமக்கே உரிய குறும்போடு ஒப்புக்கொள்கிறார். நமக்குத் தோன்றுவது, இதைவிட நேர்மையான பதில் இருக்க முடியாது என்பதே. பேய் இல்லை என்று மெய்ப்பிப்பது எளிது. பயம் இல்லை என்று மெய்ப்பிக்க முடியுமா? நம் அன்பரையே அமாவாசை இரவில் மயானத்து வழியாகத் தனியே போய் வரச் சொன்னால் போவார். ஆனால் சற்று வேகமாகப் போவார் என்று நினைக்கிறோம்.

இது இக்காலத்து யோசனை மட்டும் அன்று. மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையைப் படித்தவர்கள் சார்ங்கலன் என்னும் சிறுவனை மறந்திருக்க மாட்டார்கள். அவன் தனியாகச் சுடுகாட்டுக் கோட்டத்தினுள் நுழைகிறான். அங்கே பிணத்தின் தலையை ஏந்திக் கூத்தாடும் பேய்மகளைக் காண்கிறான். அலறிக்கொண்டு தாயிடம் ஓடிவந்து, பேய்க்கு உயிரைக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லி அவள் முன்னே விழுந்து உயிர் விடுகிறான். தாய் கோதமை அவ்வுடலைத் தாங்கிக்கொண்டு சம்பாபதித் தெய்வத்திடம் முறையிடுகிறாள். தெய்வம் என்ன சொல்லிற்று? அணங்கும் பேயும் உயிரை உண்பதில்லை. பையனின் பேதைமை துணையாக, ஊழ்வினையே உயிரைக் கொண்டு போயிற்று என்றது. பேயைப் படைத்துக் காட்டிய அதே புலவர், பேய் கொல்லாது என்று தெய்வத்தின் வாயாலேயே சொல்ல வைக்கிறார்! பேயைப் பற்றி எழுதுவது வேறு, பேயை நம்பச் சொல்வது வேறு என்பதைத் தமிழ் வெகுகாலத்துக்கு முன்பே அறிந்திருந்தது. அந்தப் பையன் தனியே போனான் என்பதையும், ஓடிவந்து விழுந்த இடம் தாயின் காலடி என்பதையும் நேயர்கள் மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

பகுத்தறிவு அன்பருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். தீங்கு செய்வது கதை அன்று, வதந்தி. எங்கள் ரயில்வேயிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. மேற்கு வங்காளத்தில் புருலியா மாவட்டத்தில் பேகுன்கோடர் என்று ஒரு சிறிய நிலையம். வெள்ளைப் புடைவை உடுத்த பெண்ணுருவம் தண்டவாளத்தருகே நடமாடுகிறது என்று எழுந்த பேச்சினால் 1967-இல் அந்நிலையம் கைவிடப்பட்டது; 2009-இல்தான் மறுபடியும் திறக்கப்பட்டது. ஏறக்குறைய 42 ஆண்டுகள் அச்சுற்று வட்டாரத்து ஏழை மக்கள் வேறு நிலையத்துக்கு நடந்து போய் வண்டியேறியிருக்கிறார்கள். யாரோ கண்டதாகச் சொன்னதைக் கேட்டவர் நம்பியதன் பலன் அது. கதையோ, ‘இது கதை’ என்று முதலிலேயே சொல்லிவிட்டு நம்மை அழைக்கிறது. ‘காஞ்சனை’யைப் படித்துவிட்டு எந்த ஊரிலும் ரயில் நின்றதாகத் தகவல் இல்லை.

வதந்தி என்றதும், பெங்களூரில் வெகுகாலம் குடியிருந்து இப்போது மகனோடு இங்கே வந்திருக்கும் பெரியவர் எழுதியது நினைவுக்கு வருகிறது. 1990-களில் பெங்களூரிலும் சுற்றுப்புறங்களிலும் ஒரு பேச்சுப் பரவிற்று. இரவில் ஒரு பெண்பேய் வீடு வீடாக வந்து கதவைத் தட்டும், வீட்டாருக்குத் தெரிந்தவர் குரலிலேயே கூப்பிடும், திறந்தால் போயிற்று. ஆகவே கதவில் ‘நாளே பா’ என்று கன்னடத்தில் எழுதி வைப்பார்கள். ‘நாளை வா’ என்பது பொருள். பேய் அதைப் படித்துவிட்டுத் திரும்பிப் போகும், மறுநாளும் வந்து படிக்கும், மறுநாளும் திரும்பும். நம் பெரியவர் ஸ்ரீராமபுரத்தில் ஒண்டுக் குடித்தனத்தில் இருந்தாராம். கன்னடம் எழுத அறியாதவர். பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்துக் கதவில் எழுதுவித்தாராம். “தமிழில் எழுதியிருந்தால் அதற்குப் படிக்கத் தெரிந்திராதே!” என்று எழுதுகிறார். சிரிக்கத்தான் வேண்டும். ஆனால் கூர்ந்து பார்த்தால் இதுவும் ‘காஞ்சனை’யும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: வீட்டு வாசலில். கதவுக்கு வெளியே நிற்பவர் யார்? திறக்கலாமா, கூடாதா? சொந்த ஊரில் பிறந்து வளர்ந்த தெருவில் இந்தக் கேள்வி எழுவதில்லை. அங்கே செருப்புச் சத்தத்திலேயே ஆள் தெரிந்துவிடும். அயலூரில் குடியேறியவனுக்குத்தான் ஒவ்வொரு தட்டும் ஒரு கேள்வி.

தொல்காப்பியனார் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்று வகுத்திருக்கிறார்: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. அணங்கு என்பது வருத்தும் தெய்வமும் பேயும் முதலானவை. இறை என்பது ஆள்வோர். எங்கேயோ தெற்கே இருந்து எழுதிய இலக்கணம் இந்தச் சாமராஜநகரைப் பார்த்து எழுதியது போல் இருக்கிறதே என்று பல முறை எண்ணியதுண்டு. விலங்குக்கு இங்கே பஞ்சமில்லை. ஒரு பக்கம் பந்திப்பூர், ஒரு பக்கம் பிளிகிரிரங்கன் மலை, இரண்டும் புலிக் காப்பகங்கள். சத்தியமங்கலம் போகிறவர்கள் திம்பம் மலையின் 27 கொண்டையூசி வளைவுகளை இறங்கியாக வேண்டும். விலங்குகளை முன்னிட்டு 2022 முதல் அப்பாதையில் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடும் உண்டு.

கள்வர் என்பதற்கு விளக்கம் வேண்டியதில்லை. 2000-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் தேதி இரவு, எல்லைக்கு அப்பால் தாளவாடிப் பக்கத்துத் தொட்டகாஜனூரிலிருந்து நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்திச் சென்றபோது, அவர் திரும்பி வரும்வரையில் சென்ற 108 நாள்களும் இம்மாநிலத்துத் தமிழ்க் குடும்பங்கள் எப்படிக் கழித்தன என்பது நம்மில் முப்பது வயதைக் கடந்த அனைவருக்கும் தெரியும். 1991 டிசம்பரில் காவிரித் தகராறில் நடந்த கலவரத்தைக் கண்டவர்களுக்கு அந்த நாள்களில் பழைய நினைவும் சேர்ந்துகொண்டது. கடைத்தெருவில் பிள்ளை ‘அம்மா’ என்று கூப்பிட்டால் தாய் அதன் வாயைப் பொத்தினாள். ‘இறை’யும் அப்படியே. மலைக் கிராமத்தார் காட்டிலிருந்தவனுக்கு அஞ்சியது ஒரு பங்கு; அவனைத் தேடிவந்த இரு மாநில அதிரடிப்படைக்கு அஞ்சியது ஒரு பங்கு. அப்படையினர் மீது எழுந்த கொடுமைப் புகார்களைத் தேசிய மனித உரிமை ஆணையம் அமைத்த சதாசிவா குழு விசாரித்ததைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள்.

இந்த நான்கினுள்ளும் அணங்கு ஒன்றுதான் சாது. மற்ற மூன்றைப் பற்றியும் கதவைச் சாத்திக்கொண்டு, அதுவும் மெல்லத்தான் பேச முடிந்தது. பேயைப் பற்றி மட்டும் திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் பேசலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆகவே பேசினார்கள். பேய்க்கதை பேசுகிறவர்கள் எல்லோரும் பேயைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைக்கக் கூடாது.

ஆங்கில நாவலாசிரியர் டிக்கன்ஸ் இதற்கு நல்ல சாட்சி. 1865 ஜூன் 9-ஆம் தேதி இங்கிலாந்தில் ஸ்டேபிள்ஹர்ஸ்ட் என்னும் இடத்தில், பழுதுபார்ப்பதற்காகத் தண்டவாளம் அகற்றப்பட்டிருந்த பாலத்தில் ஒரு ரயில் வந்து கவிழ்ந்தது. பத்துப் பேர் மாண்டனர். அவ்வண்டியில் டிக்கன்ஸும் இருந்தார். அவருடைய பெட்டி மட்டும் விழாமல் சாய்ந்து நின்றது. இறங்கி, அடிபட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். மறு ஆண்டு அவர் எழுதியதுதான் ‘சிக்னல்காரன்’ என்ற பேய்க்கதை. சுரங்க வாயிலில் ஓர் உருவம் தோன்றிக் கையசைத்து எச்சரிக்கிறது. ஒவ்வொரு முறையும் பின்னால் ஒரு விபத்து நிகழ்கிறது. மூன்றாம் முறை உருவம் தோன்றும்போது சிக்னல்காரனின் துயரம் என்ன தெரியுமா? ‘அபாயம்’ என்று தந்தி கொடுக்கலாம். எங்கே, என்ன அபாயம் என்று மேலே இருப்பவர்கள் திருப்பிக் கேட்டால் என்ன எழுதுவது? இரவுப் பணி பார்த்த ரயில்வே ஊழியர் எவருக்கும் இந்த இடத்தில் முதுகு சில்லிடும். உருவத்துக்காக அன்று, காரணம் எழுத முடியாத அந்தத் தந்திக்காக. நமது ஊர், மைசூரிலிருந்து நஞ்சன்கூடு வழியாக வரும் பாதை முடிகிற ஊர். கடைசி வண்டி வந்து நின்று விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்த பிறகு அந்தக் கதையைப் படித்துப் பார்க்கலாம்.

வாலிபர்களின் அபிப்பிராயம் சுருக்கமானது: ‘காஞ்சனை’யில் பயமே இல்லையாம். அவர்களுள் இருவர், 2011-இல் வந்த ‘காஞ்சனா’ படத்தின் கதைதான் இது என்று எண்ணிப் புத்தகத்தை எடுத்துச் சென்று ஏமாந்தவர்கள், அவர்களோடு வழக்காடுவதற்கில்லை. மூன்றாமவர் சிறு வயதில் தொலைக்காட்சியில் ‘விடாது கருப்பு’த் தொடரைப் பார்த்து நடுங்கியதாகவும், அதற்கு முன் இது எம்மாத்திரம் என்றும் எழுதுகிறார். திரையில் வரும் பேய்க்கு மேளமும் தாளமும் துணைக்கு வருகின்றன; எப்பொழுது பயப்பட வேண்டும் என்று வாத்தியக்காரரே சொல்லிவிடுகிறார். அச்செழுத்தில் அந்த வசதி கிடையாது. படிப்பவரே தமது வீட்டிலிருந்து இருட்டைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். வேகமாகப் படிக்கிறவர் அதைச் சேர்ப்பதற்குள் கதையே முடிந்துவிடுகிறது.

மாதர்களிடமிருந்து வந்த கடிதங்களில் ஒன்றை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். “பேய் வந்ததைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. வீட்டுக்குள் ஏதோ சரியில்லை என்று கணவருக்குத் தெரிகிறது. அதை மனைவியிடம் வாய்விட்டுச் சொல்லாமல் தாமே வைத்துக்கொண்டு புழுங்குகிறார். ஒரே கூரையின் கீழ் இருவர், ஒருவர் பயம் மற்றவருக்குத் தெரியவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது” என்று அச்சகோதரி எழுதுகிறார். இக்கதையைப் பற்றி நாம் கேட்டறிந்தவற்றுள் இதுவே தலையாயது. சம்பளம் பிடித்தம் ஆனதையும், மேலதிகாரி ஏசியதையும், ஊரிலிருந்து வந்த கெட்ட செய்தியையும் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு, ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லிக்கொண்டே இரவுச் சோற்றுக்கு உட்காருகிற ஆண்கள் எத்தனை பேர்! மனைவிமார் மட்டும் என்ன, மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்த கடிதத்தைப் புடைவை மடிப்பில் ஒளிப்பதில்லையா?

இப்பொழுது அந்தத் தாயாருக்கு வருவோம்.

அம்மா, தங்கள் மகள் பயந்ததற்குக் காரணம் கதையின் கொடுமை மட்டும் அன்று. அவள் படித்த விதமும் சேர்ந்ததே. நாம் கண்ணை ஓட்டிவிட்டுப் போகிற வரியை அவள் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுப் போயிருக்கிறாள். நாம் அரை மணியில் கடந்த இரவை அவள் மூன்று நாள் நடந்து கடந்திருக்கிறாள். கதாசிரியர்களுக்கு இத்தகைய வாசகி கிடைப்பது அரிது. ஆனால் வாசகிக்கு அது எளிதான காரியம் அன்று.

நம் ஊர்களில் பிள்ளைகள் பேய்க்கதை கேட்காமலா வளர்ந்தார்கள்? புளியமரத்து முனியையும், ஒற்றைப் பனையில் இருப்பவளையும், வேதாளத்தையும் அறியாத பிள்ளை உண்டா? இங்கே பிறந்த பிள்ளைகளும் ‘அம்புலிமாமா’வில் தமிழிலும் ‘சந்தமாமா’வில் கன்னடத்திலும் விக்கிரமாதித்தனையும் அவன் தோளில் தொங்கும் வேதாளத்தையும் படித்தவர்களே. ஆனால் ஊரில் கதை சொன்னவள் பாட்டி. பேய் கதையில் இருக்கும். பாட்டி பக்கத்தில் இருப்பாள். பிள்ளை நடுங்கினால் தலைப்பால் போர்த்துவாள். மிகவும் நடுங்கினால் கதையையே வேறு பக்கம் திருப்பிவிடுவாள். பேய்க்குப் பசி எடுத்து அது கொழுக்கட்டை கேட்கும், பிள்ளை சிரித்துவிடும். பயமும் மடியும் சேர்ந்தே கிடைத்தன. வேலை தேடி இவ்வூருக்கு வந்தபோது பாத்திரம் பண்டங்களைக் கொண்டுவந்தோம். சிலர் அம்மிக்கல்லைக்கூடக் கொண்டுவந்தார்கள். பாட்டியைக் கொண்டுவர முடியவில்லை. புத்தகம் பேயைக் கொண்டுவந்து கொடுக்கிறது. மடியைக் கொடுக்க அதனால் ஆகாது. சார்ங்கலனும் தனியே போய்ப் பார்த்துவிட்டுத்தான் தாயிடம் ஓடிவந்தான். உடன் ஒருவர் போயிருந்தால் கதை வேறாகியிருக்கும்.

ஆகவே புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுக்க வேண்டும் என்ற கோரிக்கைக்கு நாம் உடன்படவில்லை. அதற்கு ஒரு காரணம் மிக எளியது. பிள்ளைகள் தாமாக விரும்பி எடுத்துச் செல்கிற தமிழ்ப் புத்தகங்கள் எத்தனை என்பது பதிவேட்டை வைத்திருக்கும் நமக்குத் தெரியும். நீதி நூல்கள் தூசி படிந்திருக்கின்றன. முழுவதும் படித்து முடிக்க வைத்த ஒன்றை, முடித்தாள் என்ற குற்றத்துக்காக எடுத்துவிட்டால், அந்தப் பெண் இன்னொரு தமிழ்ப் புத்தகத்தைத் தொடுவாளா? ஆனால் 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை இதைக் கேட்டால், பெரியவர் ஒருவர் உடனிருந்து படிப்பதாக ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டும் என்ற ஏற்பாட்டைச் செய்யலாம் என்று நிர்வாகக் குழுவுக்கு எழுதியிருக்கிறோம். தமிழ் படிக்க அறியாத பெற்றோருக்கும் இதில் தடையில்லை. பிள்ளை உரக்கப் படிக்கட்டும், பெரியவர் கேட்கட்டும். பாட்டியின் வேலையைப் பேத்தி செய்தால் என்ன?

தாயாருக்கு ஒரு யோசனை. மகளை விட்டே அக்கதையை மறுபடியும், இம்முறை பகலில், தங்களுக்குப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். ஆசிரியரின் முன்னுரையையும் சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள். எழுதினவரே பயந்தார் என்று தெரிந்தால் பிள்ளைகளுக்கு ஒரு தைரியம் வரும். விளக்கு இன்னும் சில நாள் எரியட்டும். அதற்காகக் கோபிக்க வேண்டாம். இரவு வேலைக்குப் போகும் தகப்பனாரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அமர்ந்து கேட்டால் மிகவும் நல்லது. அந்தச் சகோதரியின் கடிதத்தையும் நினைத்துக்கொண்டு கேட்கட்டும்.

கடைசியாக ஒரு கடிதம். ஜவுளிக் கடையில் கணக்கெழுதும் அன்பர் ஒருவர், புதுமைப்பித்தன் அதே காலத்தில் எழுதிய ‘செல்லம்மாள்’ கதையோடு ஒப்பிட்டால் ‘காஞ்சனை’ வெறும் விளையாட்டு என்கிறார். அதில் பேய் இல்லை, பிசாசு இல்லை. பிரமநாயகம் பிள்ளை சென்னையில் ஜவுளிக் கடைச் சிப்பந்தி; திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். நோயாளி மனைவி இறந்துவிடுகிறாள். உற்றார் யாரும் அருகில்லாத பட்டணத்தில் இரவில் அவளருகே அவர் தனியே இருக்கிறார். “இதைப் படித்த அன்று நான் விளக்கை அணைத்தேன், ஆனால் என் மனைவி மூச்சு விடுகிறாளா என்று எழுந்து எழுந்து பார்த்தேன்” என்று எழுதுகிறார் நம் அன்பர்.

அடுத்த இதழுக்கு அக்கதையையே எடுத்துக்கொள்வோம். ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்துக் காலச்சுவடு பதிப்பகம் வெளியிட்ட ‘புதுமைப்பித்தன் கதைகள்’ முழுத் தொகுதியில் அது இருக்கிறது. நமது அலமாரியிலும் ஒரு பிரதி உண்டு, மேல்தட்டில். கடிதங்களை 20-ஆம் தேதிக்குள் சங்கத்துப் பெட்டியில் சேர்ப்பிக்கவும். டிக்கட் ஜன்னலில் நேரில் கொடுக்க விரும்பும் அன்பர்கள், தயவுசெய்து மாலை வண்டி புறப்பட்ட பிறகு வரவும். சென்ற மாதம் ஒருவர் வரிசையின் நடுவில் நின்று பேயைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். பின்னால் நின்றவர்களும் அதில் சேர்ந்துகொண்டார்கள்.